காடு வேண்டாம், தோப்பு போதும்: நாய்களோடு முதல் கூடாரப் பயணம்

தர்மபுரியில் குடியிருப்பவர்கள் நாய்களையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்க் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று நினைத்தால், முதலில் மனத்தில் வருவது காடுதான். மேற்கே போனால் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காடு, வடக்கே போனால் அஞ்செட்டியும் தேன்கனிக்கோட்டையும் தளியும், கிழக்கே போனால் சித்தேரி மலை என்று எந்தத் திசையில் திரும்பினாலும் பச்சை தெரிகிற மாவட்டங்கள் நம்முடையவை. மார்கழிக் கடைசியில் என் கணவரும் நானும் எங்கள் இரண்டு நாய்களோடு முதல் முறையாகக் கூடாரப் பயணம் கிளம்பியபோது, அந்தக் காடுகள் அனைத்தையும் விட்டுவிட்டு, பர்கூர் அருகே என் பெரியம்மா மகன் அண்ணனுக்குச் சொந்தமான மாந்தோப்பைத் தேர்ந்தெடுத்தோம். பயணம் நல்லபடியாக அமைந்ததற்கு வேறு எதையும்விட அந்த இடத்தேர்வே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நாயோடு கிளம்ப விரும்பும் மற்றவர்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் நாய்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜா, நான்கு ரோடு அருகே குட்டியாக மழையில் நனைந்துகொண்டிருந்தபோது எங்களிடம் வந்து சேர்ந்த நாட்டு நாய். வயதானவன், நிதானமானவன், மனிதர்களிடம் பழகுவான், வேற்று நாய்களிடம் மட்டும் முறைப்பான். மின்னி சிப்பிப்பாறை இனத்துப் பெண் நாய். தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டுவந்த இனம் அது; மோப்பத்தைக் காட்டிலும் கண்ணை நம்பி ஓடும். தொலைவில் ஒரு சிறு அசைவு தெரிந்தால் போதும், பெயர் சொல்லி அழைப்பது அதன் காதில் ஏறாது. மேலும் அதன் உடலில் கொழுப்பு குறைவு, மயிர் மிகக் குட்டையானது, குளிர் தாங்காது. ராஜாவின் முறைப்பும் மின்னியின் ஓட்டமும் குளிரும்தான் எங்கள் ஏற்பாடுகள் ஒவ்வொன்றையும் தீர்மானித்தன.

காட்டை ஏன் ஒதுக்கினோம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்னும் நம் இரு மாவட்டங்களிலும் காவிரியை ஒட்டிய காடுகளில் பெரும்பகுதி, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளும் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளும் அடங்கிவிட்டது. வளர்ப்பு நாய்க்கு அங்கே இடமில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் நான் போகமாட்டேன். ஐப்பசி, கார்த்திகை தொடங்கி ராகி அறுவடை முடியும்வரை கர்நாடகத்தின் பன்னேருகட்டாக் காட்டுப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், ராயக்கோட்டைப் பகுதிகளுக்கு வந்துபோவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த மாதங்களில் நிலத்துக்காரர்களே பரண் கட்டி விழித்திருக்கிறார்கள். யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு எதிரே ஓடும். யானை திரும்பி அடியெடுத்து வைத்தால் அதே வேகத்தில் தன்னை வளர்ப்பவரை நோக்கி ஓடிவரும். யானையும் அதன் பின்னாலேயே வரும். சிறுத்தைக்கோ நாய் விருப்பமான இரை. கூடாரத்தின் நைலான் துணி அதற்கு ஒரு தடுப்பே அல்ல. இவை நமக்கு வரும் ஆபத்துகள். நம்மால் காட்டுக்குப் போகும் ஆபத்தும் இருக்கிறது. டிஸ்டெம்பர் போன்ற நாய் நோய்கள் நரிக்கும் செந்நாய்க்கும் தொற்றக்கூடியவை. சங்கிலி அவிழ்ந்த ஒரு நாய் ஒரு நாள் காலையில் எத்தனை முயலையும் மயிலையும் மான் குட்டியையும் கலைத்து விரட்டும் என்பதை மின்னியை வளர்க்கும் நான் நன்றாகவே அறிவேன்.

ஒகேனக்கல்லைப் பற்றிப் பலர் கேட்டார்கள். அருவியும் பரிசலும் நமக்கு அழகு. நாய்க்கு அது கூட்டமும் இரைச்சலும், வழியெங்கும் சிதறிக் கிடக்கும் பொரித்த மீனின் முள்ளும்தான். அங்கே காவிரியில் முதலைகள் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோப்பு என்று முடிவானதும் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருந்தன. முதல் கேள்வி பூச்சி மருந்து. மா பூவெடுக்கும் தை, மாசி மாதங்களில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பது இங்கே வழக்கம். மருந்து படிந்த புல்லில் நாய் புரண்டுவிட்டு உடம்பை நக்கினால் அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அந்தப் பருவத்துக்கு இன்னும் மருந்து தொடங்கவில்லை, தை பிறந்த பிறகுதான் என்று அவர் உறுதியாகச் சொன்ன பின்னரே தேதியை முடிவு செய்தோம். இரண்டாவது கேள்வி மின்வேலி. காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டத்துக்குப் புறம்பாக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் நம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யானையைச் சாய்த்த கம்பி நாயை விடுமா? மூன்றாவது அவுட்டுக்காய். பன்றியைக் கொல்ல வெடிமருந்தை உணவுக்குள் பொதிந்து வேலியோரம் போடும் அந்தக் கொடுமைக்கு வாய் வைக்கும் முதல் பிராணி பெரும்பாலும் நாயாகவே இருக்கிறது. அண்ணன் தன் தோப்பைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் விசாரித்துவிட்டு என்னைத் திரும்ப அழைத்தார். அந்த அக்கறைக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

நான்காவது, கிணறு. வானம் பார்த்த பூமியான நம் பகுதியில் பாறையைக் குடைந்து வெட்டிய பெரிய பாசனக் கிணறுகள் பல, கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரை மட்டத்திலேயே வாய் திறந்து கிடக்கின்றன. ஓரத்தில் வளர்ந்த புல் விளிம்பை மறைத்துவிடும். முயலைத் துரத்தும் வேகத்தில் ஒரு சிப்பிப்பாறை அந்த விளிம்பைக் கவனிக்காது. அண்ணனின் தோப்பில் கிணறு வடகிழக்கு மூலையில் இருக்கிறது என்று தெரிந்ததால், கூடாரத்தைத் தென்மேற்கில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டோம்.

கூடாரம் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் ஆள் கணக்கில் ஒவ்வொரு நாயையும் ஓர் ஆளாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இருவர், நாய்கள் இரண்டு. ஆகவே நான்கு பேர் கூடாரம், மேலே தனி மழைத் துணியும் உள்ளே கொசுவலைக் கதவும் கொண்டது. அது வீட்டுக்கு வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்து நிறுத்தினோம். பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே அது அங்கேயே நின்றது. முதலில் கதவை அகலத் திறந்து வைத்து, நாய்களின் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தோம், பிறகு உள்ளே, பிறகு அவற்றின் படுக்கையையும் உள்ளே கொண்டுபோனோம், அதன் பிறகுதான் ஜிப்பை மூடும் சத்தத்தைப் பழக்கினோம். மின்னிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஜிப்பை ஒரு சாண் இழுப்பது, ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுப்பது, திறந்துவிடுவது என்று பொறுமையாகச் செய்யச் செய்ய, சத்தம் கேட்டதும் அவளாகவே வந்து உட்கார ஆரம்பித்தாள். அதற்குப் பின் நாங்களும் மாடியில் அவற்றோடு படுத்துத் தூங்கினோம். இந்தப் பழக்கத்தைச் செய்யாமல் நேரே தோப்புக்குப் போவது நாய்க்குச் செய்யும் அநியாயம் என்பேன். புது ஊர், புது வாசனை, புது ஓசை என்று எல்லாமே புதிதாக இருக்கும் இடத்தில், கூடாரமாவது அதற்குப் பழகிய வீடாக இருக்க வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசியும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியும் காலம் தவறாமல் போடப்பட்டிருக்கின்றனவா என்று மருத்துவரிடம் அட்டையைக் காட்டிச் சரிபார்த்தோம். தோட்டம், வாய்க்கால், எலி வளை இருக்கும் இடங்களில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் நமக்கும் வரக்கூடியது. உண்ணிக்கான சொட்டு மருந்தைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கழுத்தின் பின்புறம் விட்டுவிட்டோம்.

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து பர்கூர் இன்னும் சிறிது தொலைவு. நீண்ட பயணமே அல்ல. இருந்தும் விடியற்காலையில் அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. வயிறு நிறைந்த நாய் காரில் வாந்தியெடுக்கும். பின்னிருக்கையில் தடித்த விரிப்பைப் போட்டு, மார்புப் பட்டையைச் சீட் பெல்ட்டோடு இணைத்துக் கட்டினோம். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கட்டக்கூடாது, திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறியும். நான்கு வழிச்சாலையில் தேநீருக்கு நிறுத்தும்போது, கதவைத் திறப்பதற்கு முன் சங்கிலி நம் கையில் இருக்க வேண்டும். தேநீர் குடிக்கும் நேரத்துக்குக்கூட நாயைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப் போகக்கூடாது. வெளியே முப்பது டிகிரி என்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே நாற்பதை எட்டிவிடும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் முக்கியமான குளிர்ச்சி வழி. சுற்றியுள்ள காற்றே சுடும்போது அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆகவே நாங்கள் மாறி மாறித்தான் தேநீர் குடித்தோம்.

தோப்புக்குள் நுழையும் முன் ஒரு வேலை இருந்தது. அங்கே காவலுக்கு இரண்டு நாய்கள் உண்டு. அவற்றின் எல்லைக்குள் வேற்று நாயோடு நாம் திடீரென்று போய் இறங்கினால் சண்டை நிச்சயம். எனவே காரை வெளியே மண் பாதையிலேயே நிறுத்தி, காவல்காரத் தாத்தாவைத் தோப்பு நாய்களோடு வெளியே வரச் சொல்லியிருந்தோம். அவர் ஒரு பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம் என்று பாதையின் இரு ஓரங்களிலும் ஒரே திசையில், நடுவில் நல்ல இடைவெளி விட்டு நடந்தோம். நேருக்கு நேர் நிறுத்தாமல் பக்கவாட்டில் நடக்கவிட்டால் நாய்களின் முறைப்பு மெல்ல மெல்லத் தளரும். ராஜா முதலில் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டுதான் நடந்தான். ஒரு பனைமரத்தின் அடியை அவன் முகர்ந்துவிட்டு நகர, தோப்பு நாய் வந்து அதே இடத்தை முகர, பிறகு இவன் திரும்பிப்போய் மறுபடியும் முகர என்று அவர்களுக்குள் ஏதோ ஒரு விசாரணை நடந்து முடிந்தது. அதன் பிறகு இடைவெளியைக் குறைத்தோம். தாத்தா, "சேந்துக்கிச்சும்மா, இனி உள்ள வாங்க" என்று சொன்ன பிறகே உள்ளே போனோம்.

பர்கூர்ப் பக்கத்து மண் செம்மண்தான் என்றாலும் ஒரு முழம் தோண்டினால் பாறை தட்டும். கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய முளைகள் அங்கே இறங்காமல் வளைந்துவிடும் என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். கடப்பாரையால் துளை போட்டு, இறங்கிய இடங்களில் முளையடித்தோம். இறங்காத இடங்களில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டினோம். இழுகயிறுகள் ஒவ்வொன்றிலும் பழைய மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டியது முக்கியமான வேலை. ஓடும் நாய்க்கு மெல்லிய கயிறு தெரியாது. கால் சிக்கினால் நாய்க்கும் அடி, கூடாரமும் சாயும். அடியில் தார்ப்பாய், உள்ளே தரைத் துணியின் மேல் சாக்கு, அதன் மேல் பவானி ஜமுக்காளம் என்று மூன்றடுக்கு விரித்தோம். நகம் பட்டுத் தரைத் துணி கிழியாமலும், தரைக் குளிர் மேலே ஏறாமலும் காப்பாற்றியது அந்தச் சாக்குதான். ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துக் கோக்க ஒரு சிறு கொக்கி வைத்திருந்தோம். மூக்கால் ஜிப்பைத் தள்ளித் திறக்கும் வித்தையை நாய்கள் மிக விரைவில் கற்றுக்கொள்கின்றன.

பழைய மாந்தோப்புகளில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ பத்து மீட்டர் இடைவெளி இருக்கும். அது எங்களுக்கு மிகவும் உதவியது. இரண்டு பெங்களூரா மரங்களுக்கிடையே ஆள் உயரத்துக்கு மேலே தடித்த நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கோத்து, வளையத்திலிருந்து மார்புப் பட்டைக்குச் சங்கிலி போட்டோம். நாய் அந்த நீளம் முழுவதும் தாராளமாக நடமாடலாம். கயிறு காலிலும் சுற்றாது, அடுப்புப் பக்கமும் வர முடியாது. ஒரு முளையில் கட்டிப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பு மட்டும். காய்ந்த மாஞ்சருகு நிறைந்த இடத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது எவ்வளவு ஆசையாக இருந்தாலும் செய்யத்தகாதது. நாய்களுக்கு வீட்டில் எது சாப்பாடோ அதையேதான் அங்கும் கொடுத்தோம்: ராகிக்களி, வேகவைத்த முட்டை, கொஞ்சம் கோழி. புது இடத்தில் புதுச் சாப்பாடும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு வரும். எங்களுக்கு அண்ணி கொடுத்தனுப்பிய கோழிக் குழம்பில் வெங்காயம் நிறைய இருந்ததால் அதில் ஒரு சொட்டும் அவற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். அன்று களியைத் தாத்தாவே கிண்டித் தந்தார். கட்டியில்லாமல் உருண்டு திரண்ட அந்தக் களியை ஆறவைத்து உருட்டிக் கொடுத்தபோது, சாப்பாட்டில் மிகவும் பிகு செய்யும் மின்னி தட்டைப் பளபளவென்று நக்கி வைத்தாள்.

பொழுது சாயும் முன்னரே நீண்ட நடை ஒன்று நடந்துவிட்டு வந்தோம். வரப்போரம் அறுவடை முடிந்த நிலத்தில் ஒருவர் ஆட்டுக் கிடை போட்டிருந்தார். ஆடுகளைக் கண்டதும் மின்னியின் உடல் விறைத்ததால் வழியை மாற்றிக்கொண்டு திரும்பினோம். அடுத்தவர் பிழைப்பின் அருகே நம் நாய் ஓர் அடி கூடப் போகக்கூடாது. திரும்பி வந்தபோது தாத்தா, "பொழுது சாஞ்சா அதுங்கள அவுத்து உடாதீங்கம்மா, வேலியோரம் பன்னி வரும்" என்றார். நாங்கள் அவிழ்ப்பதாகவே இல்லை. வேலியைக் காக்கத் தோப்பு நாய்கள் இருக்கின்றன. எங்கள் நாய்கள் அன்று விருந்தாளிகள், அவற்றுக்கு ஒரே வேலை தூங்குவது.

ஆனால் அந்த வேலைதான் கடினமானது. மனிதக் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் காதோ 45 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். நமக்கு நிசப்தமாக இருக்கும் தோப்பு, நாய்க்கு எலி, பூச்சி, சருகு என்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் இடம். படுத்து விளக்கை அணைத்ததும் ராஜா எழுந்து உட்கார்ந்தான். எங்கோ பக்கி என்னும் இரவுப் பறவை ஒன்று கட்டையைத் தட்டுவதுபோல் விடாமல் கூவ ஆரம்பித்தது. அவன் அடித்தொண்டையில் உறுமினான். அந்த நேரத்தில் அதட்டினால் நாமும் சேர்ந்து குரைப்பதாகவே நாய் எடுத்துக்கொள்ளும். என் கணவர் ஒன்றும் பேசாமல் கையை அவன் மார்பின் மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கூவலுக்கும் அவன் காது திரும்பியது. பிறகு ஒரு காது மட்டும் திரும்பியது. பிறகு அதுவும் நின்று, தலையை அவர் தொடையில் சாய்த்தான். பழகிய படுக்கை விரிப்பைத் துவைக்காமல் வீட்டு வாசனையோடு அப்படியே கொண்டுபோனதும், கூடாரத்தின் பக்கங்களை மழைத் துணியால் மூடி வெளி அசைவுகளை மறைத்ததும் உதவின என்று நினைக்கிறேன்.

மின்னியின் சிக்கல் குளிர். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மார்கழிப் பின்னிரவில் 15, 16 டிகிரி வரை இறங்குவது உண்டு. என் பழைய ஸ்வெட்டரின் கைகளை வெட்டி அவளுக்குத் தைத்துப் போட்டிருந்தேன். அப்படியும் இரண்டு மணிக்கு மேல் அவள் தொடைத் தசை துடிப்பது ஜமுக்காளத்தின் வழியாக எனக்குத் தெரிந்தது. கம்பளியைத் தூக்கினேன். அவள் தலையிலிருந்து வால்வரை உள்ளே நுழைந்து, முதுகை என் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் துடிப்பு அடங்கி மூச்சு நீண்டது. சிப்பிப்பாறை, கன்னி, கேரவான் ஹவுண்ட் போன்ற மெலிந்த நாய்களை வைத்திருப்பவர்கள் பனிக் காலத்தில் கூடாரமிட்டால் தனிப் படுக்கையை நம்ப வேண்டாம். உங்கள் போர்வைக்குள்ளேயே இடம் ஒதுக்குங்கள்.

அதே நேரத்தில் கூடாரத்தை அடைத்து மூடவும் கூடாது. நான்கு உயிர்களின் மூச்சும் சேர்ந்து விடியற்காலையில் உட்கூரையில் நீர்த்துளிகளாக நிற்கும். எதிரெதிரே உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே வைத்து, கொசுவலையை மட்டும் இறுக மூடினோம். வலையை மூடுவது கொசுவுக்காக மட்டுமல்ல. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், வெதுவெதுப்பான இடம் தேடித் தரையில் படுத்திருப்பவர்களின் விரிப்புக்கே வரும். நள்ளிரவில் நாய் சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டுமென்றால், டார்ச் வெளிச்சத்தில் முதலில் நாம் இறங்கி, காலணியை உதறிப் போட்டு, தரையைப் பார்த்த பிறகே அதை இறக்க வேண்டும். ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால் கீறுவதோ, கட்டுப்போடுவதோ, கைமருந்து தேடுவதோ கூடாது. முகம் வீங்கும் என்பதால் கழுத்துப் பட்டையை உடனே அவிழ்த்து, நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கும் பொதுவான விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் தரப்படுகிறது. அருகில் இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்திருந்தோம்.

விடிந்ததும் பனி இறங்கிய தோப்பில் இரண்டையும் சங்கிலியோடு நடத்தினேன். மின்னி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, ஒரு முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ராஜா தோப்பு நாய்களின் பின்னாலேயே வேலியோரம் வலம் வந்தான். வீட்டில் பகலெல்லாம் படுத்தே கிடக்கும் கிழவன் அன்று நடந்த நடையைப் பார்த்தபோது, இவனை இத்தனை வருடங்கள் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக மட்டுமே நடத்தினோமே என்று மனம் நெகிழ்ந்தது.

அங்கிருந்து மத்தூர், ஊத்தங்கரை வழியாக அனுமன்தீர்த்தம் போய், தீர்த்தமலை பார்த்துவிட்டு, அரூர் வழியே வீடு திரும்புவதாகத் திட்டம். அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணையின் கரையில் நிழலில் உட்கார்ந்தோம். ஆற்று நீரை நாய்களுக்குக் கொடுக்கவில்லை. இதே ஆறு பெங்களூருக் கழிவு கலந்து வந்து ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேனில் வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோயிருந்தோம். தீர்த்தமலையில் ஒருவர் மலையேறித் தீர்த்தகிரீசுவரரைத் தரிசித்து, பாறையிலிருந்து கொட்டும் இராமர் தீர்த்தத்தில் நனைந்து இறங்கிவரும்வரை மற்றவர் அடிவாரத்தில் நாய்களோடு மரத்தடியில் இருந்தோம். கோயில், உணவகம், கடை என்று எதற்கும் இருவரும் சேர்ந்து போக முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் நாயோடு பயணம் செய்ய வேண்டும். நேரம் இரட்டிப்பாகும், அதை மனதில் வைத்தே ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. அன்று மாலையே இரண்டையும் வெளிச்சத்தில் படுக்கவைத்து, காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி என்று மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தோம். மருந்து விட்டிருந்தும் ராஜாவின் காது மடிப்பில் ஓர் உண்ணி இருந்தது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்தோம். நசுக்குவதோ, எண்ணெய் விடுவதோ, சூடு வைப்பதோ தவறு. உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் கடித்த ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் தலைகாட்டும் என்பதால், அதுவரை தினமும் ஈறின் நிறத்தையும் சாப்பாட்டையும் கவனித்தோம். ஈறு வெளுப்பது, மூக்கில் இரத்தம், சாப்பிட மறுப்பது, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். ராஜாவுக்கும் மின்னிக்கும் எதுவும் வரவில்லை.

ஆடியில் காய் இறக்கி முடிந்ததும் மறுபடியும் வரும்படி அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்போது காற்று பலமாக இருக்கும், கூடாரத்துக்கு இன்னும் நீளமான கயிறுகள் வேண்டும். அதைவிட முக்கியமாக, கூடாரமிடும் பக்கத்தில் விழுந்து கிடக்கும் பழங்களையும் கொட்டைகளையும் முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். மாங்கொட்டையை விழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. ராஜாவின் வயதில் அதற்கு ஆளாக்க எனக்கு மனமில்லை.